இலையைக் கொஞ்சம் இலையாக விடுங்களேன்

ஐப்பசி பிறந்தால் போதும், முகநூலில் இலை உதிரத் தொடங்கிவிடும். சிவந்த மேப்பிள் மரத்தின் படம் ஒன்று, அதன்மேல் ஹைக்கூ என்ற பெயரில் மூன்று வரி. முதல் வரியில் இலை விழும், இரண்டாவதில் காற்று வரும், மூன்றாவதில் பிரிந்துபோன காதலியோ முதுமையோ வந்து நிற்கும். எழுதியவர் பெயரை மறைத்துவிட்டால் யார் எழுதியது என்று சொல்லவே முடியாது. காதலியின் மேல் எனக்கு வருத்தமில்லை. இலைதான் பாவம், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

ஹைக்கூ பிறந்த ஜப்பானில் இலையை என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். தகஹாமா கியோஷி என்ற ஹைக்கூ கவிஞர் 1906-ல் எழுதிய ஒன்று இருக்கிறது. கிரி மரத்தின் இலை ஒன்று, வெயில் மேலே பட்டபடியே விழுந்தது. கவிதை முடிந்தது. முதலில் படித்தால் 'இதில் என்ன இருக்கிறது?' என்றுதான் தோன்றும். ஆனால் கிரி என்பது ஜப்பானில் வளரும் ஒரு மரம், அதன் இலை புளிய இலை மாதிரி சின்னதில்லை. முகத்தையே மறைக்கிற அளவுக்கு அகலமானது. அவ்வளவு பெரிய இலை பொத்தென்று நேராக விழாது. சாய்ந்து, திரும்பி, இன்னொரு பக்கம் சாய்ந்து இறங்கும். வெயில் அதன்மேல் உட்கார இடமும் உண்டு, நேரமும் உண்டு. கிளையில் இருந்தபோது பட்ட அதே வெயில் விழும்போதும் விடாமல் கூடவே வருகிறது.

இதில் இன்னொன்றும் உண்டு. ஓர் இலை விழுவதைக் கண்டே இலையுதிர் காலம் வந்துவிட்டதை அறியலாம் என்பது பழைய சீன வாக்கு. கிரி மரத்து ஒற்றை இலை என்றதுமே ஜப்பானிய வாசகருக்கு அது ஞாபகம் வந்துவிடும். சோகத்துக்கு மேடை போட்டுத் தயாராக இருக்கிறது. கியோஷி அதில் ஏறவே இல்லை. வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

அதற்காக ஜப்பானியர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். அரண்மனைக் கவிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சிவந்த இலையைப் பட்டுத்துணி என்றே பாடிக்கொண்டிருந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டின் நாரிஹிரா, தத்சுதா ஆற்று நீர் இலைகளால் செக்கச்சிவந்து சாயம் ஏறிக் கிடப்பதைப் போல ஒன்றைத் தெய்வங்களின் காலத்தில்கூடக் கேள்விப்பட்டதில்லை என்று பாடினார். புகழ்பெற்ற பாட்டு. ஆனால் அவர் அதை எழுதியது ஆற்றங்கரையில் இல்லை. மடிப்புத் திரை ஒன்றில் தீட்டியிருந்த ஓவியத்தைப் பார்த்து! நாமும் படத்தைப் பார்த்துத்தானே எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். சரி, ஆனால் அவர் நாரிஹிரா.

பின்னால் வந்த ஹைக்கூக்காரர்கள்தான் அந்தப் பட்டுத்துணியை உரித்துவிட்டு இலையைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பூசோன் கவிஞர் மட்டுமில்லை, ஓவியரும்கூட. கியோத்தோவில் வாழ்ந்தவர். சிவந்த இலைக்குப் பேர்போன ஊர் அது. அவர் என்ன எழுதினார்? மேற்கிலிருந்து காற்றடித்தால் கிழக்கே குவிகின்றன உதிர்ந்த இலைகள். கணக்கு வாத்தியார் எழுதியது போலிருக்கிறது, இல்லையா? எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். முற்றம் பெருக்கியவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு உண்மை, எவ்வளவு எரிச்சலான உண்மை என்று.

ரியோகானுடையது இன்னும் நெருக்கமானது. எச்சிகோ என்ற வட்டாரத்தில் மலைக்குடிசையில் தனியாக இருந்த ஜென் துறவி. அடுப்பெரிக்கப் போதுமான அளவு இலையைக் காற்றே கொண்டுவந்து போடுகிறது என்று எழுதினார். ஊர்ப் பிரபு தன்னிடம் வந்து தங்கச் சொல்லி அழைத்தபோது இதையே பதிலாகக் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, இங்கே இலை எதற்கும் குறியீடு இல்லை. அது விறகு. சருகு பொறுக்கி அடுப்பு மூட்டிய நம் பாட்டிகளுக்கு இந்தக் கவிதைக்கு உரையே வேண்டாம்.

சாவை எழுதவே கூடாதா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். இதே ரியோகான் 1831-ல் சாகக் கிடந்தபோது, பின்பக்கம் காட்டி முன்பக்கம் காட்டி விழும் மேப்பிள் இலை என்றொரு கவிதையைச் சொன்னார். அது அவர் எழுதியதில்லை என்று உடனிருந்த தெய்ஷின் என்ற துறவியே குறித்துவைத்திருக்கிறார். சாவைச் சொல்லும் கவிதைதான். ஆனாலும் அதில் இலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறது. அது புரண்டு புரண்டு விழுவதை யாரோ உண்மையிலேயே நின்று பார்த்திருக்கிறார்கள்.

நம்முடைய மூன்று வரிகளில் சிவப்பு என்றால் உடனே ரத்தம், மரணம். மரத்தில் நடப்பது வேறு. இலையின் மஞ்சள் கோடை முழுக்கப் பச்சைக்கு அடியில் மறைந்துதான் இருந்தது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்போ அப்படியில்லை. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேரும்போது, இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு அந்த நிறத்தை அது புதிதாகவே தயாரிக்கிறது. விழப்போகிற இலைக்கு எதற்கு இந்த வேலை? எழுத விஷயம் இல்லை என்பவர்கள் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே பத்துக் கவிதை எழுதலாம்.

அப்புறம், ஹைக்கூவில் எந்தச் சொல் எந்தப் பருவத்துக்கு உரியது என்று சொல்லும் ஜப்பானியப் பருவச்சொல் அகராதியில் சிவந்த இலை இலையுதிர் காலத்துக்கு உரியது, உதிர்ந்து கிடக்கும் இலை குளிர்காலத்துக்கு உரியது. மரத்தில் இருக்கிறதா, தரையில் கிடக்கிறதா என்பதற்கே பருவம் மாறிவிடுகிறது. நாம் எல்லாவற்றையும் ஒரே குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறோம்.

மேப்பிள் வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. சென்னைத் தெருக்களில் நாட்டு வாதுமை மரம் இருக்கிறதே, பாதாம் மரம் என்போமே, அது பனிக்காலம் முடியும் வாக்கில் பழுத்துச் சிவக்கும். ஒரே இலையில் பச்சையும் மஞ்சளும் கருஞ்சிவப்பும் இருக்கும். தடித்த இலை என்பதால் கார் கூரையில் விழுந்தால் தட்டென்று கேட்கும். வெயிலில் காய்ந்ததும் ஓரம் சுருண்டு, மழை பெய்தால் தண்ணீர் பிடித்துவைக்கும். இதைப் பற்றி நல்ல மூன்று வரி ஒன்றுகூட இதுவரை என் கண்ணில் படவில்லை. உங்களிடம் இருந்தால் கீழே போடுங்கள். காதலி இல்லாமல்.