புகை போட்ட போர்ட்டரை ஜில்லென்று குடிப்பது வீண்

குளிர்காலம் நெருங்கினால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள கிராஃப்ட் பீர் ஆலைகள் (சிறு அளவில், கைப்பக்குவமாகக் காய்ச்சுபவை) கறுப்பு பீரை இறக்க ஆரம்பித்துவிடும். முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, வறுத்துச் சேர்த்துக் காய்ச்சுகிற கறுப்பு பீர் வகைக்குத்தான் போர்ட்டர் என்று பெயர். காபி போர்ட்டர், வெனிலா போர்ட்டர், தேங்காய் போர்ட்டர், பூசணி மசாலா போர்ட்டர், மேப்பிள் பாகு போர்ட்டர் என்று லேபிள்கள் பேக்கரி மெனு மாதிரி நீளும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேர்த்த மணத்தை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது நல்ல போர்ட்டராக இருக்க வேண்டும். பருவகால பீர்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. கீழே இருக்கும் பீர் சொத்தை, மேலே ஊற்றிய எசன்ஸ் அதை மறைக்கிறது.

(‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: சரிதான், மறுப்பில்லை. இங்கே பேசுவது 150 மில்லியை அரைமணி நேரம் வைத்துக் குடிக்கிற சமாச்சாரம்.)

இந்த அளவுகோலுக்கு நான் முன்னால் வைப்பது அலாஸ்கன் ஸ்மோக்டு போர்ட்டர். ஜூனோ அலாஸ்கா மாநிலத்தின் தலைநகரம். ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது, கப்பல் அல்லது விமானம்தான். மார்சி லார்சன், ஜெஃப் லார்சன் தம்பதி 1986-ல் அங்கே தொடங்கிய ஆலை, 1988-ல் இந்த போர்ட்டரை முதன்முதலில் காய்ச்சியது. ஆலைக்குப் பக்கத்திலேயே சால்மன் மீனுக்குப் புகை போடும் கூடம் இருந்தது. அந்தப் பக்கம் மீனுக்குப் புகை போட ஆல்டர் மரம்தான் வழக்கம். மால்ட்டின் ஒரு பகுதியை அதே ஆல்டர் புகையில், சிறு சிறு அளவாகப் போட்டு எடுத்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை குளிர்காலத்தை ஒட்டி வெளிவரும், பாட்டிலில் ஆண்டு அச்சிட்டிருக்கும். ஆல்கஹால் 6.5 சதவீதம். இந்தப் புகை பிறகு கலந்ததல்ல. தானியத்திலேயே ஏறி, மாஷிலும் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டம்) கொதியிலும் ஈஸ்ட் நொதிக்கவைக்கும் கட்டத்திலும் கூடவே இருந்து வந்தது. அதனால்தான் அது மேலே மிதக்காமல் பீருக்குள்ளேயே கிடக்கிறது.

புகை போர்ட்டருக்கு அந்நியமும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் காய்ச்சப் பயன்பட்ட பிரவுன் மால்ட்டை விறகு நெருப்பில்தான் காயவைத்தார்கள். புகை வாடை ஒட்டாமல் இருந்திருக்க வழியில்லை. 1817-ல் டேனியல் வீலர் மால்ட் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு வெளிறிய மால்ட்டோடு கொஞ்சம் கருக வறுத்த மால்ட் சேர்த்தாலே நிறம் கிடைத்தது, செலவும் குறைந்தது. விறகும் புகையும் மெல்ல ஒதுங்கின. ஆகவே, தேங்காயும் பூசணியும் விருந்தாளி என்றால், புகை பழைய வீட்டுக்காரர்.

அடிப்படை போர்ட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, மணம் எதுவும் சேர்க்காத ஒன்றை முதலில் குடித்துப் பார்ப்பது உத்தமம். ஃபுல்லர்ஸ் லண்டன் போர்ட்டர் (5.4 சதவீதம்) கிடைத்தால் அதுவே போதும். பிரவுன், கிரிஸ்டல், சாக்லேட் என்ற 3 சிறப்பு மால்ட்டுகளும் கசப்பு தரும் ஃபகிள்ஸ் ஹாப்ஸ் பூவும்தான் அதன் குணம். சாக்லேட் மால்ட் என்றவுடன் உள்ளே சாக்லேட் தேடாதீர்கள், அது அந்த நிறத்துக்கு வறுத்த பார்லி மால்ட், அவ்வளவே. பொதுவாக 100 கிலோ மால்ட்டுக்கு 75 முதல் 80 கிலோ வெளிறிய மால்ட், பிரவுனும் கிரிஸ்டலும் தலா 8 முதல் 10, சாக்லேட் மால்ட் 4 அல்லது 5 என்று போட்டால் ஆங்கில பாணி போர்ட்டர் வரும். ரொட்டி மேல்தோல், டாஃபி, இலேசான காபிக் கசப்பு. போர்ட்டரின் உறவான ஸ்டவுட் என்ற கறுப்பு பீரின் கரிந்த கடுமை இதில் இருக்கக் கூடாது. இலங்கையின் லயன் ஸ்டவுட் (8.8 சதவீதம்) குடித்துப் பழகியவர்களுக்குப் போர்ட்டர் முதலில் மெலிந்ததாகத் தெரியும். அந்த மெலிவில்தான் புகைக்கும் மற்றதற்கும் இடம் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல சிறு ஆலைகள் கோட்டை விடுவது இங்கேதான். வறுத்த மால்ட் மாஷின் பி.எச்-ஐ (அமில-கார அளவு, குறைந்தால் புளிப்பு) கீழே இழுக்கும். லண்டன் தண்ணீரில் அமிலத்தை மட்டுப்படுத்தும் பைகார்பனேட் அதிகம் என்பதால் அது தாங்கியது. மென்னீரில் அப்படியே காய்ச்சினால் பி.எச் 5.2-க்குக் கீழே விழுந்து, பீர் ஆறிய டிகாக்ஷன் போல் வெடுக்கென்று புளிக்கும். கறுப்பு பீருக்கு 5.4 முதல் 5.6 வரை வைத்தால் வறுத்த சுவை கடுமை மழுங்கி உருண்டையாக வரும். மறுபக்கம், மால்ட்டைக் கழுவும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டினாலோ, கடைசியில் பி.எச் 6-க்கு மேல் போனாலோ உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். நாக்கு ஓரம் காய்ந்து இழுக்கிற அந்தத் துவர்ப்பை ‘புகையின் காரம்’ என்று பலர் தப்பாக எழுதுகிறார்கள்.

இனி ருசி பார்ப்பது. முதல் எதிரி குளிர். நம் ஊரில் பீர் என்றாலே ஐஸ் போலக் குளிர்ந்திருக்க வேண்டும் என்று பழகிவிட்டது. 4 டிகிரியில் போர்ட்டரின் மணம் எழவே எழாது. கசப்பும் கரியும்தான் முன்னுக்கு நிற்கும், மால்ட்டின் இனிப்பு அமுங்கிப்போகும். 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நம் ஊர்ச் சூட்டுக்கு 15, 20 நிமிஷம் வெளியே வையுங்கள், ஏசி அறை என்றால் இன்னும் கொஞ்சம். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் சந்தேகமே இல்லை. பிறகு கிளாஸ். வாய் சற்றே குறுகிய துலிப் கிளாஸ் நல்லது, இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ். ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டாம். எண்ணெய்ப் பசையோ சோப்போ மிச்சமிருந்தால் நுரை நொடியில் செத்துவிடும், பழி பீர் மேல் விழும். கிளாஸைக் கழுவி, துணியால் துடைக்காமல் கவிழ்த்துக் காயவிடுங்கள்.

கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, நிமிர்த்தி மிச்சத்தை நடுவில் விடுங்கள். 2 விரல்கடை நுரை வர வேண்டும், நிறம் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக இருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓரத்தில் செம்மாணிக்கச் சிவப்பு தெரியும். ஊற்றிய உடனே மோந்து பாருங்கள், ஏனென்றால் முதல் நிமிஷத்தில் வருகிற மணம் அப்புறம் வராது. நீளமாக இழுக்காமல் 2, 3 குட்டி மூச்சு போதும். புகைக்கு மூக்கு சீக்கிரம் பழகிவிடும், இது முக்கியம். முதல் மடக்கில் ‘அடுப்படியே வாய்க்குள் வந்துவிட்டது’ என்று தோன்றும். மூன்றாவது மடக்கில் அதே பீரில் டாஃபியும் உலர்ந்த பழமும் தெரிய ஆரம்பிக்கும். ஜெர்மனியின் பாம்பெர்க்கில் பீச் மரப் புகையில் ஷ்லெங்கர்லா ரவுக்பியர் காய்ச்சுகிறார்கள், அதற்கும் இதே கதைதான். ஒரு வாய் குடித்துவிட்டு மார்க் போடுகிறவர் பீரையே பார்க்கவில்லை.

ஒவ்வொரு மடக்கும் 20 மில்லி போதும். வாயில் சுழற்றி, விழுங்கி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். புகை, காபி, வெனிலா எல்லாம் அந்த மூச்சில்தான் துல்லியமாகத் தெரியும். துப்பினால் பாதி போய்விடும். இடையிடையே தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டும். பல பீர்களை வரிசையாகப் பார்ப்பதாக இருந்தால் புகை போட்டது கடைசியில்தான் வர வேண்டும், அதற்குப் பிறகு வருகிற எதையும் நாக்கு நம்பாது.

புகை எது, கோளாறு எது என்று பிரிப்பதுதான் கைதேர்ந்தவர்களுக்கும் சிக்கலான இடம். மரப்புகையின் மணம் பெரும்பாலும் குவாயகால், சிரிங்கால் என்ற பீனால் வகை வேதிப்பொருட்களிலிருந்து வருகிறது. வாடை புகை போட்ட மீன், பன்றி இறைச்சி, அணைந்த விறகு என்று போகும். தண்ணீரிலிருந்த குளோரின் பீனாலோடு சேர்ந்தாலும் ஒரு வாடை வரும், அது ஆஸ்பத்திரி வாடை, பிளாஸ்திரி வாடை. அது கோளாறு, புகை என்ற பெயரில் மன்னிக்கக் கூடாது. வீட்டில் காய்ச்சுகிறவர்கள் குழாய்த் தண்ணீர் 75 லிட்டருக்கு, குளோரினை நீக்கும் கேம்டன் மாத்திரை ஒன்று போட்டாலே இது வராது. கிராம்பு வாடை வந்தால் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கலாம். வெண்ணெய் பாப்கார்ன் வாடை டைஅசிட்டைல், நொதிக்கும்போது ஈஸ்ட் விடுகிற பொருள்: ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்னரே குளிர வைத்துவிட்டார்கள் அல்லது குழாய்கள் சுத்தமில்லை. வெனிலா போர்ட்டரில் இந்த வெண்ணெய் வாடையை ‘கேக் மாதிரி இருக்கு’ என்று பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

வீட்டில் புகை மால்ட் வைத்து முயல்கிறவர்கள் மரத்தைப் பார்த்து அளவு போடுங்கள். பீச் மரப் புகை மால்ட் மென்மையானது, மூன்றில் ஒரு பங்கு போட்டாலும் பீர் தாங்கும். விஸ்கிக்காகப் பீட்டில் (சதுப்பு நிலத்தில் மக்கிய செடிகளின் கட்டி) புகை போட்ட மால்ட் அப்படியில்லை, மொத்தத்தில் 2, 3 சதவீதத்துக்கு மேல் போனால் டிங்சர் குடித்த மாதிரி ஆகிவிடும்.

மற்ற மணங்களையும் நான் ஒதுக்கவில்லை, செய்கிற விதம்தான் கேள்வி. காபியைக் கொதியில் போடுவது வீண், கரிந்த துவர்ப்புதான் மிஞ்சும். நொதித்து முடிந்த பீரில், 20 லிட்டருக்கு 60 முதல் 120 கிராம் முழுக்கொட்டையை ஒரு நாள் ஊறவைத்து எடுத்தால் மணம் நிற்கும், கசப்பு ஏறாது. அதிலும் கெடு உண்டு. காபி பீர் பழசானால் குடைமிளகாய் வாடை தலைகாட்டும். ஆகவே காபி போர்ட்டரைச் சேர்த்து வைக்காதீர்கள், வாங்கின மாதமே குடித்துவிடுங்கள்.

தேங்காய்க்கு ஹவாயின் மாவி ஆலை போடுகிற கோக்கனட் ஹீவா போர்ட்டர் (6 சதவீதம்) நல்ல உதாரணம், வறுத்த தேங்காய்தான் அங்கே விஷயம். துருவலைப் பொன்னிறமாக வறுத்து, காகிதத்தில் பரப்பி எண்ணெயை வாங்கவிட்ட பிறகே பீரில் போட வேண்டும். எண்ணெய் இறங்கினால் நுரை போச்சு, நாளானால் சிக்கு வாடையும் வரும். தேங்காயில் சிக்கு வாடையைக் கண்டுபிடிக்க நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெனிலா என்றால் காய் 2 அல்லது 3, பிளந்து வோட்காவில் ஊறவைத்து 20 லிட்டருக்கு. செயற்கை எசன்ஸ் முதல் மூச்சில் பளிச்சென்று அடித்துவிட்டு விழுங்கியதும் காணாமல் போகும், காயின் மணம் கடைசி வரை தங்கும். பூசணி மசாலா வகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிராம்பு கொஞ்சம் கூடினால் நாக்கு மரத்துவிடும், பிறகு உள்ளே போர்ட்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

துணைக்கு என்ன சாப்பிடுவது? புகை போட்ட சால்மன், முதிர்ந்த செடார் சீஸ் எல்லாம் எல்லோரும் சொல்வது. சுட்ட கத்திரிக்காய்த் துவையல் இதனோடு அருமையாக ஒட்டும், புகையும் புகையும் சேர்கிறது. காரமான மிளகு வறுவல் வேண்டவே வேண்டாம். ஆல்கஹாலும் வாயுவும் வறுத்த மால்ட்டின் கசப்பும் எரிச்சலைத் தூக்கிவிடும். கருவாடும் அப்படித்தான், பொருத்தம் என்று தோன்றும், ஆனால் அதன் கவுச்சியை பீர் இன்னும் எடுத்துக் காட்டும்.

புகை போர்ட்டரைச் சேர்த்து வைக்கலாம், மற்ற மணங்களுக்கு இல்லாத சலுகை இது. பாட்டிலை நிற்கவைத்து, இருட்டில், 10 முதல் 13 டிகிரியில் வைத்தால் சில வருஷங்களில் புகை தணிந்து, ஷெர்ரி ஒயின், உலர்திராட்சை, டாஃபி என்று மாறும். வெவ்வேறு ஆண்டு பாட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புதியதில் மரம் முன்னால் நிற்கும், பழையதில் பழம். ஆனால் ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது. சோயா சாஸ் வாடை தூக்கலாக இருந்தால் செத்த ஈஸ்ட் கரைந்திருக்கிறது. இரண்டையும் ‘முதிர்ச்சி’ என்று பெயர் சூட்டிக் குடிக்க வேண்டாம்.

பீர் ஆலைக்காரர்கள் சொல்கிற ஒரு கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றிலும் பீர் ஏறக்குறைய ஒரே அளவு பழசாகும். வெயில் ஊரில் வாழ்கிறவர்கள் இதை வைத்தே கடையைப் பாருங்கள். இறக்குமதி பாட்டில் வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில் நின்றால், லேபிளில் எந்த ஆண்டு இருந்தாலும், தள்ளுபடி விலையே ஆனாலும், எடுக்காதீர்கள். குளிர்பெட்டியில் பின்வரிசையில் நிற்கிற பாட்டில் எது என்று கேளுங்கள்.