தவறான இடத்தில் ஒட்டிவிட்டு 'வெற்றி' என்கிறது

ஒரு திருத்தம் சேர வேண்டிய இடம் நிரலில் கிடைக்கவில்லை என்றால், சேர்க்கும் கருவி அதைச் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். அந்த வேலைக்குப் பயன்படும் 'பேட்ச்' (patch) கட்டளை நிற்பதில்லை, ஊகிக்கிறது. அந்த ஊகத்தை 2026-இலும் அப்படியே நம்பி நிறுவல் ஸ்கிரிப்டுகளில் செருகி வைத்திருக்கிறார்களே என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள அரிசி ஆலைகளில் ஓடும் நெல் கொள்முதல் கணக்கு மென்பொருளைப் பராமரிப்பது என் வேலை. குறுவை, சம்பா, தாளடி மூன்றுக்கும் ஒரே அச்சில் எழுதிய ஃபங்ஷன்கள் அதில் அடுத்தடுத்து இருக்கின்றன. மழையில் நனைந்து வரும் குறுவை நெல்லுக்கான ஈரப்பதக் கழிவை மாற்றும் திருத்தம் ஒன்றை, மூல மென்பொருளை விற்ற நிறுவனம் அனுப்பியது. எங்கள் பிரதியில் குறுவைப் பகுதி சற்று மாறியிருந்ததால், அவர்களுடைய ஸ்கிரிப்ட் இயக்கிய பேட்ச், பல வரிகள் தள்ளிப் போய்ச் சம்பா ஃபங்ஷனில் அதை ஒட்டிவிட்டு, 'ஃபஸ் 2' (fuzz, முழுமையாகப் பொருந்தாமலே சேர்த்ததைக் குறிக்கும் அளவு) என்று ஒரு வரியை மட்டும் திரையில் ஓடவிட்டு, பூஜ்ஜியத்தைத் திருப்பி அனுப்பியது. பூஜ்ஜியம் என்றால் எல்லாம் சரி என்று பொருள். சம்பா நெல் கொண்டு வந்தவர்களின் எடைச் சீட்டில் அவர்களுக்கு உரியதல்லாத கழிவு ஏறியது. கேட்டதற்கு, "எங்கள் பக்கம் வெற்றி என்றுதான் காட்டியது" என்று பதில் வந்தது.

இது பிழைகூட அல்ல, வடிவமைப்பே இப்படித்தான். திருத்தத்தின் மேலும் கீழும் அடையாளத்துக்காக வழக்கமாக மூன்று வரிகள் இருக்கும். அவை பொருந்தாவிட்டால் ஓரத்து வரியை விட்டுவிட்டுத் தேடும், அதுவும் பொருந்தாவிட்டால் இரண்டாவது வரியையும் விட்டுவிடும். லாரி வால் 1985-இல் இதை எழுதியபோது ஒவ்வொரு கணினியிலும் நிரல் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டிருந்தது, திரையின் முன் ஒரு மனிதர் அமர்ந்து ஒவ்வொரு வரியையும் படித்தார். அன்று அது உதவி. யாரும் பார்க்காமல் நள்ளிரவில் ஓடும் ஸ்கிரிப்டில் அதே சலுகை அநியாயம்.

இதைவிடக் கொடுமை ஒன்றும் உண்டு. கேள்வி கேட்காமல் ஓட வேண்டும் என்று '--batch' (சுருக்கமாக '-t') விருப்பத்தைக் கொடுத்தால், ஏற்கெனவே சேர்ந்துவிட்ட திருத்தம் மறுபடி வரும்போது, அது தலைகீழாக வந்திருக்கிறது என்று தானே முடிவுசெய்து, சேர்ந்திருந்ததையே கழற்றிவிடும்! ஒரு திருத்தத்தின் பல துண்டுகளில் ஒன்று மட்டும் தோற்றால், மற்றவற்றை எழுதிவிட்டுத் தோற்றதை 'ரெஜ்' (.rej) என்ற தனிக் கோப்பில் போட்டு, நிரலை அரைகுறையாக விட்டுச் செல்லும்.

நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்க 2005-இல் பிறந்த 'கிட்' (Git) கருவியின் 'அப்ளை' கட்டளையைப் பாருங்கள். இயல்பாகவே அது அடையாள வரிகள் முழுவதும் பொருந்தக் கேட்கிறது, ஒரு துண்டு தோற்றாலும் எதையும் தொடுவதில்லை. பேட்சிலும் ஃபஸ் அளவைப் பூஜ்ஜியமாக்க விருப்பம் இருக்கிறது. எழுதாமல் வெறுமனே சோதித்துப் பார்க்க 'டிரை ரன்' இருக்கிறது. இரண்டையும் ஸ்கிரிப்டில் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாத நிறுவனம், அடுத்த திருத்தத்தை அனுப்புவதற்கு முன் அதைச் செய்யட்டும். தவறாகக் கழித்த ஒவ்வொரு சீட்டையும் திருத்தி, ஆலைகள் விவசாயிகளுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கான பட்டியலையும் அவர்களே தயாரித்துத் தரட்டும்.