வாய்க்காலுக்கு யார் கொடி அசைப்பது?

ஒரு மழை ராத்திரி. ரயில் நடுவழியில் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டியில் ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். கதவோரம் போய் எட்டிப் பார்த்தேன். கீழே ஒரு கேங்மேன், அதாவது ரயில் பாதையைப் பராமரிக்கும் தொழிலாளி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, டார்ச்சை வாயில் கவ்வியபடி, சிறுபாலத்தில் அடைத்துக் கிடந்த மரக்கிளையையும் பாலித்தீன் குப்பையையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாலம் என்று சொல்வதே அதிகம். ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குழாய், அவ்வளவுதான்.

அதிலிருந்து, ரயில் பாதையைத் தண்ணீர் என்ன செய்யும் என்று தேடித் தேடிப் படிக்கிறேன். தண்டவாளம் மூழ்கினால்தான் ஆபத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். மூழ்குவது கண்ணுக்குத் தெரியும், வண்டியை நிறுத்திவிடலாம். அடியில் தேங்கும் தண்ணீர்தான் ஏமாற்றுகிறது. தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டைக்கு சிலீப்பர் என்று பெயர்; அதற்குக் கீழே ஜல்லி போடுவதே பாரத்தைப் பரப்பவும் மழைநீரை வடிக்கவும்தான். ஜல்லி இடுக்கில் மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும், அடிமண் குழையும். அப்புறம் ஒவ்வொரு சக்கரம் கடக்கும்போதும் சிலீப்பர் அடிபம்பு மாதிரி ஏறி இறங்கிச் சேற்றைக் கக்கும். வெயில் நாளில் பிளாட்பாரத்தில் நின்று கவனியுங்கள். சில சிலீப்பர்களைச் சுற்றி மட்டும் ஜல்லிமேல் காய்ந்த சேறு வெளுத்துப் படிந்திருக்கும்.

மண்கரை கதை இன்னும் மோசம். ரயில் போகப் போட்ட கரை வெள்ளத்தில் அணையாகிவிடுகிறது. அணைக்குரிய பலம் அதற்கு யாரும் கொடுத்ததில்லை. சிறுபாலம் போதாவிட்டால் ஒரு பக்கம் தண்ணீர் ஏறும், கரை ஊறும், கடைசியில் மேலே வழிந்து மறுபக்கச் சரிவை அரித்துக்கொண்டு போகும். தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். 2023 டிசம்பரில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் நாம் பார்த்த காட்சி அதுதான். திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயிலை அங்கே நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். பெரிய அவதிதான், மறுக்கவில்லை. ஆனால் அனுப்பியிருந்தால்?

1956 நவம்பர் 23, அரியலூர் அருகே மருதையாறு. வெள்ளத்தில் பாதை போய்விட்ட இடத்துக்கு ரயில் வந்தது; 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதற்காக ராஜினாமா செய்ததை இன்றைக்கும் மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்தப் பாலத்தடியில் தண்ணீர் என்ன செய்தது என்று ஒருவரும் பேசுவதில்லை.

ஆற்றுப் பாலங்களில் இன்னொரு தந்திரம் உண்டு. தூணைச் சுற்றிச் சுழலும் வெள்ளம் படுகை மண்ணைத் தோண்டி எடுத்துவிடும். வடியும்போது அதே குழியில் புது மணலைக் கொண்டுவந்து நிரப்பியும் விடும். மறுநாள் போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடி இருப்பதாகத் தெரியும். அந்த மணலுக்குப் பிடிமானமே கிடையாது.

பணக்கார நாட்டில் இதெல்லாம் நடக்காது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 12, ஸ்காட்லாந்தின் கார்மாண்ட். பெருமழையில் சரிவிலிருந்து அடித்து வந்த கற்கள் பாதையில் கிடந்தன. மணிக்குச் சுமார் 117 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில் அதில் ஏறித் தடம்புரண்டு 3 பேர் இறந்தார்கள். அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? தண்ணீரை வடிக்கப் போட்ட வடிகாலிலிருந்து! வரைபடத்தில் இருந்தபடி அதைக் கட்டவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அன்றைக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை போகவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புது ரயில் விட்டால் கொடி அசைக்க ஆள் வருகிறது. தூர்வாரிய பாதையோர வாய்க்காலுக்கு யார் வருவார்கள்? வயல் இருந்த இடத்தில் கான்கிரீட் வந்துவிட்டது, ஒரு நாளில் வடிந்து வந்த தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வந்து மோதுகிறது. சிறுபாலம் மட்டும் தாத்தா காலத்து அளவிலேயே இருக்கிறது. மழைக்கு முன் ரயில்வே ஒவ்வொரு சிறுபாலத்தையும் திறந்து பார்த்துப் படம் எடுத்து வெளியே போடட்டும். வேகத்தில் பத்து கிலோமீட்டர் கூட்டுவதைவிட எனக்கு அது பெரிய செய்தி.

அந்த ராத்திரி என்ன ஆயிற்று என்றால், அந்தக் கேங்மேன் மேலே ஏறி வந்து விளக்கைக் காட்டினார். வண்டி நடை வேகத்தில் அந்தக் குழாயைக் கடந்தது. எதிர் சீட்டுக்காரர் போர்வையை இழுத்துக்கொண்டே சொன்னார்: "இதுக்குப் போயா இவ்வளவு நேரம்?"