"ஆபத்தில்லாத சரக்கு" கரை ஒதுங்கிய கதை

2025 மே மாதக் கடைசி. இடவப்பாதி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. காலையில் கரைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுப் பாட்டா, கைநிறைய எதையோ அள்ளிக்கொண்டு வந்து எங்கள் திண்ணையில் கொட்டினார். "மக்ளே, இது எந்த மீனுக்க சினை? நான் இப்படி ஒண்ணு பார்த்ததே இல்லையே" என்றார்.

சினை இல்லை, பிளாஸ்டிக். ஜவ்வரிசி அளவில் வெள்ளை வெள்ளையாக, பாதி கண்ணாடி போல இருந்த உருண்டைகள். அறுபது வருடம் கடலில் கிடந்த மனுஷனுக்கே மீன்சினையாகத் தெரிந்த ஒன்று, மீனுக்கு என்னவாகத் தெரியும்? அன்றைக்கு மனதில் விழுந்த இந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் எம்எஸ்சி எல்சா 3 முங்கியிருந்தது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல். மே 24 அன்று ஒரு பக்கமாகச் சரிந்தது, மறுநாள் காலையில் கேரளக் கடலில் மூழ்கிப்போனது. கப்பலில் இருந்த 24 பேரையும் கடலோரக் காவல்படையும் கடற்படையும் உயிரோடு மீட்டார்கள். கடலுக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய செய்தி என்று.

அப்புறம் டிவியில் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலில் 640-க்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள். அதில் ஆபத்தான சரக்கு உள்ளவை 13. அந்த 13-இல் 12-இல் கால்சியம் கார்பைடு. மாம்பழம் பழுக்க வைக்கிறார்களே, அதே கார்பைடு கல். தண்ணீர் பட்டால் எரியும் வாயுவைக் கக்கும். டேங்கில் 367 டன் ஃபர்னஸ் ஆயில், 84 டன் டீசல். எல்லோருடைய பயமும் இந்த எண்களைச் சுற்றியே இருந்தது. எண்ணெய் கரைக்கு வருமா, கார்பைடு வெடிக்குமா என்று கேட்டோம். மற்ற கண்டெய்னர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவைதான் "ஆபத்தில்லாத சரக்கு" ஆயிற்றே.

எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது அந்த ஆபத்தில்லாத சரக்குதான், பாட்டா அள்ளிவந்த இந்த உருண்டை.

திருவனந்தபுரம் கரையில் முதலில் ஒதுங்கியது, பிறகு நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், அதை நீரோடி தொடங்கி எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கரை நெடுகக் கொண்டுவந்து தள்ளியது. சில இடங்களில் மூட்டையாகவே வந்தது. வாளி, குழாய், கேரி பேக் என்று நாம் வாங்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் சாமானும் இந்த உருண்டையை உருக்கித்தான் செய்யப்படுகிறது. ஆங்கிலத்தில் நர்டில் என்கிறார்கள். வழக்கமாக 25 கிலோ மூட்டையில் வரும். ஒரு மூட்டையில் ஏறக்குறைய பத்து லட்சம் உருண்டைகள் இருக்கும். ஒரு மூட்டை கிழிந்தால் போதும், கரையில் உட்கார்ந்து ஆயுள் முழுக்கப் பொறுக்கலாம்.

பொறுக்கிப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அரசு ஆட்கள் ஒரு பக்கம் அள்ளினார்கள். ஊர்ப் பிள்ளைகளும் நாங்களும் இன்னொரு பக்கம் வீட்டுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனோம். ஈர மணலைச் சல்லடையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். பிறகு ஒரு பையன்தான் வழி கண்டுபிடித்தான்: வாளியில் கடல் தண்ணீரைப் பிடித்து மணலை அள்ளிப் போட்டுக் கலக்கினால் மணல் அடியில் போகும், உருண்டை மேலே மிதக்கும். வடிதட்டால் வழித்து எடுத்துவிடலாம். காலை முழுக்கச் செய்து ஒரு பாய் விரிக்கும் அளவு இடம்தான் சுத்தமானது. மத்தியானம் ஏற்றத்தில் ஒரு அலை வந்தது. திரும்பிப் பார்த்தால் அதே இடம் மறுபடியும் வெள்ளையாக இருந்தது.

அங்கேதான் அந்த நண்டுகளைப் பார்த்தேன். அலை இறங்கியதும் மணலில் பொட்டுப் பொட்டாக உருண்டை பிடித்துப் போடுமே, நகத்தளவு நண்டு, அதுதான். மணலை வாயில் வாங்கி, அதில் ஒட்டியிருக்கும் இரையைத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் குட்டி உருண்டையாக உருட்டி வெளியே வைக்கும். வளையைச் சுற்றி அந்த மணல் உருண்டைகள் கோலம் போட்டதுபோல இருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு கோலத்திலும் மணல் உருண்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் உருண்டைகள் கிடந்தன. அளவும் ஏறக்குறைய அதே அளவு. நண்டு அதன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

இந்த உருண்டை வெறும் உருண்டையாகவும் இருப்பதில்லை. கடலில் ஏற்கனவே கலந்து கிடக்கும் டிடிடி பூச்சிமருந்து மாதிரியான விஷங்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். சுற்றியிருக்கும் தண்ணீரில் உள்ளதைவிட லட்சக்கணக்கான மடங்கு சேரும். ஜப்பானில் ஹிதேஷிகே தகதா என்ற பேராசிரியர், உலகம் முழுக்க உள்ள கடற்கரைகளிலிருந்து இந்த உருண்டைகளைத் தபாலில் வரவழைத்து, எந்தக் கடலில் என்ன விஷம் இருக்கிறது என்று அளக்கிறார். கடலை அளக்கும் கருவியாகப் பயன்படுகிற அளவுக்கு அது விஷத்தை இழுக்கிறது. அதை நெத்தோலி விழுங்கும், நெத்தோலியைச் சூரை விழுங்கும். பறவையும் ஆமையும் விழுங்கினால் வயிறு நிறைந்ததுபோல் இருக்கும், உடம்பில் ஒன்றும் ஒட்டாது.

இதெல்லாம் தெரியாமல் நடந்த முதல் விபத்து என்றால் மனது ஆறும். அதற்கு நான்கு வருடத்துக்கு முன்னால் நம் பக்கத்துக் கடலிலேயே நடந்தது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்தது. நைட்ரிக் அமிலம் இருந்த ஒரு கண்டெய்னர் ஒழுகுகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீராவும் அதை இறக்க ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கொழும்புக்கு வந்து எரிந்தது, ஜூன் 2 அன்று தரைதட்டி மூழ்கத் தொடங்கியது. அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் உருண்டைகள். நீர்கொழும்புக் கரையில் முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடந்த படங்களை நாம் எல்லோரும் பார்த்தோம். எரிந்து கட்டி தட்டிய பிளாஸ்டிக்கை மணலிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் செத்த உயிர்களின் கணக்கும் வருகிறது: 417 ஆமைகள், 48 டால்பின்கள், 8 திமிங்கலங்கள்.

அந்த விபத்துக்குப் பிறகு, 2024-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஒரு வழிகாட்டுதலை ஒப்புக்கொண்டது. பிளாஸ்டிக் உருண்டைகளை உறுதியான பொதியில் கட்டுங்கள், ஆவணத்தில் தனியாகக் குறிப்பிடுங்கள், முடிந்தவரை மேல்தளத்தில் வைக்காதீர்கள் என்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கட்டாயம் இல்லை, விருப்பமுள்ளவர்கள் பின்பற்றலாம். ஆபத்தான சரக்குப் பட்டியலில் இந்த உருண்டைகள் இன்னும் ஏறவில்லை. ஏறியிருந்தால் எல்சா 3 முங்கிய அன்றே "13" என்று சொல்லி நிறுத்தியிருக்க மாட்டார்கள். எங்கள் கரைக்கு எச்சரிக்கை வந்திருக்கும், வலை கட்டியாவது கொஞ்சத்தைத் தடுத்திருக்கலாம்.

எண்ணெயைப் பற்றிப் பயப்படக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2000 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பக்கம் ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கியபோது, எண்ணெய் பட்ட சுமார் 19,000 பென்குவின்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னொரு 19,500 பென்குவின்களை லாரியில் ஏற்றி, தூரத்தில் இருக்கும் போர்ட் எலிசபெத்தில் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை நீந்தித் தங்கள் தீவுக்குத் திரும்பி வருவதற்குள் தீவைச் சுத்தம் செய்துவிட்டார்கள். படிக்கும்போது கண் கலங்கியது. எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்ததால், பறவையைப் பிடிக்க முடிந்ததால், அது நடந்தது. நெத்தோலி வயிற்றுக்குள் போன உருண்டையை யாரும் கழுவ முடியாது.

"முங்கின கப்பல் மீனுக்கு வீடுதானே" என்று நண்பர் ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். சரிதான், பழைய கப்பல் மேல் பாசி படியும், கடலுக்கடியில் இருக்கும் பாறைப் பார் மாதிரி மீன் அடையும், எங்கள் ஆட்களே அங்கே தூண்டில் போடுவார்கள். ஆனால் அதற்கென்று மூழ்கடிக்கும் கப்பலை எண்ணெய் எடுத்து, சரக்கு எடுத்து, கழுவித்தான் மூழ்கடிப்பார்கள். இது டேங்கில் எண்ணெயோடும் வயிற்றில் கண்டெய்னரோடும் போனது. சிதறிக் கிடக்கும் கண்டெய்னரில் சிக்கி கேரளக்காரர்களின் வலைகள் கிழிந்தன. கிழிந்த வலை அங்கேயே கிடந்து மீன் பிடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆள் இல்லாமல்.

கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டது. எங்கள் கரைக்கும் ஒரு கணக்கு எடுக்க வேண்டும் என்று நான் ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "செத்து ஒதுங்கினது ஏதாவது இருக்கா, போட்டோ இருக்கா?" என்று கேட்டார்கள். நண்டின் படத்தைக் காட்டினேன். உயிரோடுதானே இருக்கிறது என்றார்கள்.

மாசியில் பங்குனி ஆமை ஒன்று ராத்திரியில் எங்கள் கரையில் ஏறி முட்டையிட்டுப் போனது. காலையில் தடம் பார்த்து, நாய் தோண்டாமல் இருக்க முட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றுகிறவர்களோடு நானும் போனேன். முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். முட்டையோடு ஒட்டிய மணலில் ஏழு உருண்டைகள் இருந்தன. வெள்ளை நிறம் போய் மஞ்சளாகியிருந்தன. அவற்றை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த தடவை மனுவோடு கொண்டுபோவேன்.