47 நாளும் ஒரு செத்த பேட்டரியும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுக் கடை. முழுக்க உட்கார்ந்து பார்க்கிற வேலை. எடை போடணும், திருகு சரியாக விழுகிறதா பார்க்கணும், ஜோடி சேர்த்துக் கவரில் போடணும், பில் எழுதணும். போன வருடம் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று சொல்லி, "தினமும் நடங்கம்மா" என்றார் டாக்டர். எந்த நேரத்தில் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகன்தான் போனில் ஸ்டெப் எண்ணும் ஆப் ஒன்றைப் போட்டு, 10,000 என்று இலக்கும் வைத்துக் கொடுத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் ஒரு மாதம் பிரமாதமாக ஓடியது. பாங்குக்கு ஆட்டோ பிடிக்காமல் நடந்தேன். இரவு பத்தரைக்கு இன்னும் 1,140 பாக்கி என்று காட்டினால் மொட்டை மாடிக்குப் போய்த் துணிக் கொடிக்குக் கீழே குனிந்து குனிந்து நடப்பேன். ஒரு நாள் அத்தை படியில் நின்றபடி, "ஏம்மா, திருடன்னு நினைச்சுப் பக்கத்து வீட்டுல லைட்டு போட்டுட்டாங்க, இறங்கி வா" என்றார். 320 பாக்கி இருந்தது. இறங்கவில்லை.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் இன்னொரு ஓட்டை. சமையலறைக்கும் கொல்லைக்கும் நான் நடக்கிற நடை எதுவும் ஏறாது. போன் ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடக்கும். (பாக்கெட் வைத்து நைட்டி தைக்கிறவர்களுக்குக் கோயில் கட்டலாம்.) வீட்டுக்காரருக்கோ போன் எப்போதும் சட்டைப் பையில். குழி விழுந்த ரோட்டில் வண்டி ஓட்டினாலே அவருக்குச் சில நூறு ஏறிவிடும். போனுக்குள் இருக்கும் சென்சாருக்குத் தெரிந்ததெல்லாம் குலுங்கல்தான், காலா சக்கரமா என்று அது தடுமாறும். சின்னவன் போனைக் கையில் பிடித்து ஆட்டியே எனக்கு 400 சம்பாதித்துக் கொடுத்திருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தொடர்ந்து 47 நாள் இலக்கைத் தொட்டிருந்தேன். 48ஆவது நாள் ஞாயிறு, ஏற்காடு போனோம். போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவையும் ஒன்று விடாமல் என் போனில் வீடியோ எடுத்தான் மகன். மேலே போய் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் பேட்டரி காலி. அன்றைக்குத்தான் நான் உண்மையாக நடந்தேன். ஏரியைச் சுற்றி, அண்ணா பூங்காவுக்குள், அங்கிருந்து லேடீஸ் சீட் வரை மூச்சு வாங்க ஏறி, கீழே சேலம் தீப்பெட்டி தீப்பெட்டியாகத் தெரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நடை. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டால் 1,212. தொடர்ச்சி அறுந்து சைபர்.

மறுநாள் நான் நடக்கவில்லை. அதற்கடுத்த நாளும். மூன்று வாரம் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை. கால் வலியா, நேரமில்லையா? ஒன்றும் கிடையாது. ரோஷம். நல்லா நடந்த ஒரு நாளுக்காக நடையையே விட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம்தான் இந்த 10,000 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் நடைமானி விற்றது. அதன் பெயர் 'மான்போ-கே', அதாவது பத்தாயிரம் அடி அளவி. பொருளுக்கு வைத்த பெயர்தான் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019இல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு அமெரிக்காவில் சுமார் 17,000 வயதான பெண்களின் நடையைக் கணக்கெடுத்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500 வாக்கில் பலன் அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. அவர்கள் சராசரி 72 வயதுக்காரர்கள், எனக்கு 44. அதனால் அதே எண் எனக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த 320க்காக மாடியில் சுற்றியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஆப்பை அழிக்கவில்லை. தொடர்நாள் அறிவிப்பை மட்டும் அணைத்தேன். இலக்கை 6,000 ஆக்கி, தினக் கணக்கை விட்டு வாரக் கணக்கைப் பார்க்கிறேன். உலகச் சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிடம் என்றுதானே சொல்கிறது. கடைக்காரிக்கு இதுதான் ஒத்துவரும். ஒரு நாள் போணி ஆகவில்லை என்று கடையை இழுத்து மூடுவோமா?

மாத வரைபடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, கொலுசு வியாபாரம் படுத்துவிடும், கோட்டை மாரியம்மன் கோயிலுக்குத்தான் நடை. கோடு மேலே ஏறியிருக்கிறது. ஆவணி பிறந்ததும் கல்யாண ஆர்டர், தராசை விட்டு எழ முடியாது, கோடு தொபுக்கென்று விழுகிறது. முன்பெல்லாம் இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்வேன். இப்போது ஆவணிக்கென்று ஒரு ஏற்பாடு: சரக்கு வைக்கும் அலமாரியைக் கைக்கெட்டாத தூரத்துக்கு, உள் அறைக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு ஜோடிக்கும் எழுந்து போக வேண்டும். கடைப் பையன் முறைக்கிறான்.

இன்று 4,310. மணி ஒன்பதே முக்கால். தூங்கப் போகிறேன்.