காட்டுக்கு சிலிண்டர் யார் கொண்டு வருவார்?

அந்தப் பழைய பேருந்தின் படம் இந்த வாரம் மறுபடியும் என் டைம்லைனில் சுற்றுகிறது. பச்சையும் வெள்ளையும் வெளிறிப்போய், துருவேறி, 142 என்று எண் போட்ட பேருந்து. சுற்றிலும் புதர். வாசலில் ஒரு நாற்காலியில் சாய்ந்து சிரிக்கும் ஒல்லிப் பையன். மேலே வழக்கமான வரி: 'எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காட்டில் தனியாக வாழ்ந்தவன்.' கீழே வழக்கமான இரண்டு கட்சி. ஒரு கட்சி அவனை ஞானி என்கிறது, இன்னொன்று முட்டாள் என்கிறது. இரண்டிலும் நான் இல்லை. எனக்கு அந்த வரியில் 'தனியாக' என்ற இடத்தில்தான் சண்டை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கிறிஸ் மெக்கேண்ட்லஸ் அமெரிக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளை. 1990ல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினான். கையிலிருந்த ஏறக்குறைய 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினான். இரண்டு வருடம் ஊர் ஊராகச் சுற்றி, 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் ஸ்டாம்பீட் பாதையில் பனிக்குள் நடந்து போனான். ஆகஸ்டில் அந்தப் பேருந்துக்குள்ளேயே பட்டினியால் இறந்தான். வயது 24. செப்டம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைக்கு வந்தவர்கள்தான் உடலைப் பார்த்தார்கள். எடை 30 கிலோ. வீட்டில் அப்பாவின் வன்முறை இருந்தது என்று தங்கை 2014ல் ஒரு புத்தகமே எழுதினார். அதனால் 'கொழுப்பெடுத்துப் போனான்' என்று எளிதாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

ஆனால் அந்தப் பேருந்து அங்கே எப்படி வந்தது? அது ஒரு காலத்தில் ஃபேர்பேங்க்ஸ் நகரில் ஓடிய டவுன் பஸ். சுரங்கத்துக்குப் போகும் அந்த ஸ்டாம்பீட் பாதையைச் சீர்படுத்தும் வேலை 1961 வாக்கில் நடந்தபோது, கூலியாட்கள் தங்குவதற்காக எஞ்சினைக் கழற்றிவிட்டு, கட்டிலும் பீப்பாய் அடுப்பும் பொருத்தி, இழுத்துக்கொண்டு போனார்கள். வேலை நின்றதும் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அதன்பின் வேட்டைக்காரர்களுக்கு அது மழைக்கு ஒதுங்கும் இடமாகிவிட்டது. ஆக, அவன் கால் நீட்டிப் படுத்தது சாலைக் கூலிகளுக்காகப் போட்ட கட்டிலில். குளிர் காய்ந்தது அவர்கள் வைத்துவிட்டுப் போன அடுப்பில்.

அவன் காட்டுக்குள் இறங்கிய அன்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் ஒரு எலக்ட்ரீஷியன். பையன் கையில் சின்னத் துப்பாக்கி, நாலரைக் கிலோ அரிசி, கொஞ்சம் புத்தகங்கள். இதை வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்க முடியாது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். ஆங்கரேஜ் வரை கூட்டிப்போய் வேண்டிய சாமான் வாங்கித் தருகிறேன் என்றார். கேட்கவில்லை. கடைசியில் தன் ரப்பர் பூட்ஸையும் மதியத்துக்குக் கட்டி வந்த சாப்பாட்டையும் கொடுத்து அனுப்பினார். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் அவர்தான். அவர் படத்தை யாரும் டைம்லைனில் போடுவதில்லை.

அப்புறம் அந்த மூஸ் மான். ஜூன் 9ஆம் தேதி அவன் ஒரு மூஸைச் சுட்டு வீழ்த்தினான். மூஸ் என்பது நம் புள்ளிமான் மாதிரி இல்லை, குதிரையை விடப் பெரிய உருப்படி. நூற்றுக்கணக்கான கிலோ இறைச்சி. கெடாமல் வைத்திருந்தால் கோடை முழுக்கக் கவலை இல்லை. அதற்கு அலாஸ்காக்காரர்கள் செய்வது, இறைச்சியை மெல்லிய வாராக அரிந்து பரண் கட்டிக் காற்றில் உலர்த்துவது. நம் ஊரில் உப்புக்கண்டம் போட்டுக் கொடியில் தொங்கவிட்ட பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது தெற்கு டகோட்டா வேட்டைக்காரர்கள், அவர்கள் பழக்கம் புகை போடுவது. அவன் மண்ணைக் குடைந்து, உள்ளே புகை மூட்டி, ஈயும் கொசுவும் மொய்க்க நாள்கணக்கில் போராடினான். ஒரு வாரம்கூட ஆகவில்லை, புழு வைத்துவிட்டது. அந்த மிருகத்தைச் சுட்டிருக்கவே வேண்டாம் என்று நாட்குறிப்பில் வருந்தி எழுதியிருக்கிறான்.

அவன் சோம்பேறி இல்லை, கோழையும் இல்லை. இறைச்சியை எப்படி உலர்த்துவது என்பது ஒரு மனிதன் புத்தகத்தோடு உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயம் இல்லை, அவ்வளவுதான். அதே மண்ணில் தலைமுறை தலைமுறையாகக் கெட்டு, அழுகி, திருத்தி, கடைசியில் கைக்கு வருவது. அந்த ஊரில் ஒரு கிழவியிடம் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆற்றிலும் இதே கதைதான். ஜூலை தொடக்கத்தில் அவன் திரும்பிவரத்தான் கிளம்பினான். இது பலருக்குத் தெரியாது. வரும்போது முழங்கால் அளவு கடந்து வந்த டெக்லனிகா ஆறு, பனி உருகியதில் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பயந்து திரும்பிவிட்டான். அங்கிருந்து ஒரு மைல்கூட இல்லாத இடத்தில், ஆற்று நீரை அளக்கிறவர்கள் கட்டிய இரும்புக் கம்பியும் அதில் கையால் இழுத்துப் போகும் கூடையும் தொங்கிக்கொண்டிருந்தன. விவரமான வரைபடம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அவன் கையில் இல்லை. கடைசியில் அவன் தின்ற காட்டுச்செடி விதை விஷமா, வெறும் பட்டினியா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கதை அந்த ஆற்றங்கரையிலேயே முடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கும் இந்த ஆசை உண்டு. மாதக் கடைசியில் அதிகமாக வரும். "எல்லாத்தையும் விட்டுட்டு வால்பாறைப் பக்கம் ஒரு சின்ன இடம் பாத்துப் போயிரலாமா?" என்பார். "சரிங்க, போலாம். கேஸ் சிலிண்டர் யார் கொண்டாந்து போடுவாங்க?" என்பேன். "விறகுல சமைச்சுக்கலாம்." "யாருங்க சமைப்பாங்க?" அதோடு பேச்சு ஈபி பில்லுக்கு மாறிவிடும். சிரிக்கத்தான் சொல்கிறேன், ஆனாலும் கேள்வி நிஜமானது. காட்டு வாழ்க்கைப் படங்களில் எல்லாம் கெட்டில் அடுப்பில் இருக்கிறது, புகை அழகாக எழுகிறது. விறகு வெட்டியது யார், பாத்திரம் கழுவியது யார் என்பது சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறது.

நம் ஊர்த் துறவிகள் இதை மறைத்ததே இல்லை. திருவிடைமருதூர்க் கோபுர வாசலில் இருந்த பட்டினத்தாரிடம் ஒருவன் வந்து சோறு கேட்டானாம். 'மேல வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்' என்றாராம். அந்தச் சம்சாரி யாரென்றால் அரச வாழ்க்கையையே விட்டு வந்த பத்திரகிரியார். அவரிடம் இருந்த சொத்து ஒரு திருவோடும், கூடவே ஒட்டிக்கொண்ட ஒரு நாயும். அதுவே சம்சாரம் என்று இடித்துக்காட்டினார் பட்டினத்தார். இந்தக் கதையைக் கேட்டவர்கள் திருவோட்டைப் பற்றியே பேசுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அவ்வளவு பெரிய துறவிகள் இருவரும் உட்கார்ந்தது கோயில் வாசலில். அதாவது, சோறு வருகிற இடத்தில். அந்த ஓட்டில் போடுவதற்கு ஊரில் யார் வீட்டிலோ உலை வைத்திருக்கிறார்கள், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

தெரியாத மாதிரி நடந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே இன்னொரு ஆள் இருக்கிறார். கிறிஸ்டோபர் நைட். 1986ல், 20 வயதில், மெய்ன் மாநிலக் காட்டோரம் காரை விட்டுவிட்டு உள்ளே போனவர் 2013 வரை வெளியே வரவில்லை. 27 வருடம் மனிதரோடு பேச்சே கிடையாது. ஒருமுறை எதிரே வந்த ஒருவரிடம் 'ஹாய்' என்றதோடு சரி. புகை தெரிந்தால் பிடித்துவிடுவார்கள் என்று குளிர்காலத்தில்கூட விறகு மூட்டவில்லை. கேட்க மெய்சிலிர்க்கும். ஆனால் சாப்பாடு? சுற்றியிருந்த ஏரிக்கரை வீடுகளில் ஏறக்குறைய ஆயிரம் முறை திருடினார். அரிசி, மாவு, மிட்டாய், பேட்டரி, மெத்தை, கேஸ் சிலிண்டர் உட்பட. (என் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டினேன்.) சிலர் பரிதாபப்பட்டு, என்ன வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லிப் பேனாவும் காகிதமும் வெளியே வைத்தார்களாம். வேறு சிலர் வருடக்கணக்கில் தங்கள் வீட்டிலேயே பயந்து தூங்கினார்கள். கடைசியில் பிடிபட்டது, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு முகாமின் சமையலறையில். இவரையும் 'உண்மையான துறவி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய் வரவில்லை.

சரி, அப்படியானால் காட்டுக்கே போகக்கூடாதா? போகலாம். டிக் ப்ரென்னக்கி போனார்.

1916ல் அயோவாவில் பிறந்தவர். கடற்படையில் இருந்தார், அப்புறம் டீசல் மெக்கானிக்காகவும் தச்சராகவும் வருடக்கணக்கில் உழைத்தார். 1968ல், ஐம்பது தாண்டிய பிறகு, அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரைக்குப் போய்த் தன் கையால் ஒரு மரவீடு கட்டினார். முந்தின வருடமே போய் மரம் வெட்டிப் பட்டையுரித்துக் காயப்போட்டுவிட்டு வந்தார், ஈர மரத்தில் கட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்த ஆள். கருவிகளைக் கொண்டுபோகும்போது இரும்புப் பாகத்தை மட்டும் கொண்டுபோய், பிடியெல்லாம் அங்கேயே செதுக்கிக்கொண்டார். கதவின் கீலும் தாழ்ப்பாளும்கூட மரம்தான். அந்தக் கதவை அவர் இரண்டு பாதியாகச் செய்தார். மேல்பாதியை மட்டும் திறந்து, வெளியே கரடி நிற்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். காலியான பெட்ரோல் டின்னை வெட்டித் தட்டிப் பாத்திரமாக்கினார். மைனஸ் நாற்பதுக்குக் கீழே போகும் குளிரில், அந்த வீட்டில் ஏறக்குறைய முப்பது வருடம் இருந்தார்.

ஆனால் அவர் ஒருபோதும் 'யாருடைய உதவியும் இல்லாமல்' என்று சொல்லிக்கொள்ளவில்லை. வீடு கட்டி முடியும்வரை தங்கியது ஒரு நண்பரின் குடிலில். பேப் ஆல்ஸ்வொர்த் என்ற விமானி மிதவை விமானத்தில் வந்து சாமானும் தபாலும் இறக்கிவிட்டுப் போவார். விமானத்தின் சத்தத்துக்கு அவர் காத்திருந்ததும், இறங்கியவரோடு பேசியதும், வந்த கடிதத்துக்கெல்லாம் பதில் போட்டதும் அவர் குறிப்பேடுகளிலேயே இருக்கிறது. வேட்டைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன குப்பையைப் பொறுக்கிச் சுத்தம் செய்தார். பின்னாளில் அந்த இடம் தேசியப் பூங்காவானபோது பூங்காக்காரர்களுக்குக் கண்ணும் காதுமாக இருந்தார். 82 வயதில் உடம்பு ஒத்துழைக்காதபோது, வீம்பு பிடிக்காமல் கலிஃபோர்னியாவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். 2003ல் இறந்தார்.

நான் இவரைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நினைப்பது இதுதான்: அந்த மரக் கீலைச் செதுக்கிய கை, நாம் 'வழக்கமான வாழ்க்கை' என்று சலித்துக்கொள்கிற எட்டு மணிநேர வேலையில் பழகிய கை. மெக்கானிக் ஷெட்டும் தச்சு வேலையும் இல்லாவிட்டால் ட்வின் லேக்ஸ் இல்லை. வேலையை விட்டுவிட்டுப் போவது என்கிறார்கள். அவர் வேலையைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார். எக்செல் ஷீட் மட்டும் தெரிந்த என்னைப் போன்றவர்கள் போனால் கூடவே என்ன வரும் என்று யோசித்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், 'தனியாக' என்ற அந்தப் பொய்யை நம்பி நிஜமாகவே ஆட்கள் செத்திருக்கிறார்கள். மெக்கேண்ட்லஸின் கதை புத்தகமாகவும் சினிமாவாகவும் வந்த பிறகு, உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் அந்தப் பேருந்தைத் தரிசிக்கக் கிளம்பினார்கள். 2010ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு பெண் அதே டெக்லனிகாவில் மூழ்கி இறந்தார். 2019ல் பெலாரஸிலிருந்து கணவனோடு வந்த 24 வயதுப் பெண், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவர், அதே ஆற்றில் போனார். 2009க்கும் 2017க்கும் இடையில் மட்டும் அந்தப் பேருந்துக்குப் போனவர்களுக்காக 15 முறை மீட்புப் படை இறங்க வேண்டியிருந்தது. இறங்கியவர்களில் பக்கத்து ஊரான ஹீலியின் தன்னார்வத் தீயணைப்புக்காரர்களும் உண்டு. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, மறுநாள் வேலை இருக்கிறது.

2020 ஜூன் 18 அன்று அலாஸ்கா அரசு சினூக் ஹெலிகாப்டரில் கட்டி அந்தப் பேருந்தைத் தூக்கியே விட்டது. 'ஒரு புனித இடத்தை அழித்துவிட்டார்கள்' என்று அப்போது இணையத்தில் ஒப்பாரி. எனக்கு அதில் வருத்தமே இல்லை. இன்னும் பத்து வருடம் முன்பே செய்திருக்கலாம். பேருந்து இப்போது ஃபேர்பேங்க்ஸில், பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் தார் ரோட்டிலேயே போய்ப் பார்க்கலாம், ஆறு எதுவும் குறுக்கே இல்லை.