அளந்த பிறகு சாலையைத் திறக்கட்டும்

சென்ற வாரம் ஓசூரிலிருந்து வேலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல், சுங்கச்சாவடி ஒன்றைக் கடந்து நாலைந்து கிலோமீட்டர் வந்ததும் பேருந்து நின்றது. முன்னால் ஒரு லாரியும் காரும் மோதிக்கொண்டதாக நடத்துநருக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். காட்பாடியில் ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒரு பெண் கைக்குழந்தையோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "வண்டியை ஓரமாத் தள்ளிட்டு ரோட்டைத் திறந்துவிட வேண்டியதுதானே, இவ்வளவு நேரம் என்ன பண்றாங்க?" என்று பேருந்தில் இருந்த எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் கேட்டுவிட்டார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. ஆனால் என்னால் அதில் சேர முடியவில்லை. வண்டியை ஓரமாகத் தள்ளிச் சாலையைத் திறந்துவிட்டதால் என் சித்தியின் குடும்பம் எதை இழந்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவன்.

2023 ஜனவரி, மார்கழி மாதக் கடைசி. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தோல் தொழிற்சாலை வேலைக்கு இருசக்கர வாகனத்தில் கிளம்பிய என் சித்தப்பா தேசிய நெடுஞ்சாலையில் லாரி மோதி அந்த இடத்திலேயே இறந்துபோனார். ஊர் பக்கத்திலேயே என்பதால் காவலர்கள் வருவதற்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். பனி இன்னும் விலகவில்லை. லாரி இடப்பக்கமாக, பாதி சக்கரம் மண்ணில் இறங்கி நின்றது. அதன் பின்னால் தார்ச்சாலையில் தொடங்கி, ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்வரை இழுத்த பிரேக் தடம் கறுப்பாகத் தெரிந்தது. ஏன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை, நான் அதன் ஓரமாக எட்டு வைத்து நடந்து எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது எட்டு இருந்தது. சித்தப்பா சாலையின் ஓரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார், லாரிதான் அவரை நோக்கி விலகி வந்திருக்கிறது என்பதற்கு அந்தத் தடத்தைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை.

ரோந்து வாகனத்தில் இரண்டு காவலர்கள் வந்தார்கள். அதற்குள் பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. உடலை 108 வண்டியில் ஏற்றினார்கள், லாரியை அணுகுசாலைக்கு எடுக்கச் சொன்னார்கள், ரத்தத்தின் மேல் இரண்டு கூடை மண்ணைக் கொட்டினார்கள், சாலையைத் திறந்தார்கள். எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. நின்றிருந்தவர்கள் நிச்சயமாக அவர்களைப் பாராட்டியிருப்பார்கள். விசாரணை அதிகாரி வந்தபோது மணி ஒன்பது. அந்தத் தடத்தின் மேல் மூன்று மணி நேரமாக வண்டிகள் ஓடியிருந்தன. சம்பவ இடத்தில் கண்டதைப் பதிவுசெய்யும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் அங்கே நின்றுகொண்டு எழுதப்பட்டவைதான், ஆனால் அப்போது அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

இழப்பீட்டு வழக்கில், சித்தப்பா திடீரென்று சாலையைக் குறுக்கே கடந்தார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. பத்தொன்பது எட்டு நீளத்துக்குத் தடம் இருந்தது என்று நான் சாட்சி சொன்னேன். "எதைக்கொண்டு அளந்தீர்கள், எங்கே குறித்து வைத்தீர்கள்?" என்று அவர்களுடைய வழக்கறிஞர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வரைபடத்தில் தடமே இல்லை, லாரி நின்ற இடமும் இல்லை. விபத்தில் இறந்தவருக்கும் பங்குண்டு என்று 40 சதவீதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பணத்தைவிட, "உங்க சித்தப்பா மேலயும் தப்பு இருக்குன்னு எழுதிட்டாங்களாமே" என்று சித்தி என்னிடம் கேட்டதுதான் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

விதிகளில் குறை இல்லை. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விசாரணை அதிகாரி உடனடியாக விபத்து நடந்த இடத்துக்குச் சென்று, இடத்தையும் வாகனங்களையும் படமெடுத்து, வரைபடம் தயாரித்து, முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய விபத்துத் தரவுத்தளத்துக்கான செயலி காவலரின் கைப்பேசியிலேயே இருக்கிறது. அது முதலில் சோதனை செய்யப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆக, கருவி இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வண்டியை நகர்த்துவதற்கு முன் படமெடுத்து, சக்கரம் நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, நாடாவைப் பிடித்து அளப்பதற்குத் தேவையான அந்த இருபது நிமிடம் மட்டும் கிடைப்பதில்லை. அதைக் கிடைக்காமல் செய்வதில், ஹாரன் அடிக்கும் நமக்கும் பங்கு உண்டு.

பிரிட்டனில் இதற்கு நேர்மாறான புகாரைக் கேட்கலாம். சாலையில் ஒருவர் இறந்தால், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை அதைச் சட்டவிரோத மரணம் என்றே கருதி விசாரிக்க வேண்டும் என்பது அங்கே காவல்துறைக்கான வழிகாட்டுதல். அதனால் மணிக்கணக்கில் சாலையை மூடிவைக்கிறார்கள், மக்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தைக் குறைக்க லேசர் அளவைக் கருவிகளை வாங்கினார்களே தவிர, அளப்பதைக் கைவிடவில்லை. 2022இல் மட்டும் 17,884 பேர் சாலையில் இறந்த நம் மாநிலத்தில் ஒவ்வொரு முறையும் ஐந்து மணி நேரம் மூடுங்கள் என்று நான் கேட்கவில்லை. முதல் அரை மணி நேரத்தை முறையாகப் பயன்படுத்துங்கள் என்கிறேன்.

மூடுவதிலும் முறை வேண்டும். நம் பக்கத்தில் விபத்து நடந்தால், ஊர்க்காரர்கள் புங்க மரத்திலோ வேப்ப மரத்திலோ ஒரு கிளையை ஒடித்துச் சாலையில் போட்டு, நான்கு கல்லை வரிசையாக வைப்பார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் அதை வைப்பது விபத்து நடந்த இடத்திலிருந்து பத்துப் பதினைந்து மீட்டரில். காவல்துறையின் தடுப்பும் பல நேரங்களில் அதே இடத்தில்தான் நிற்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடுகிறது. அந்த வேகத்தில் வரும் ஓட்டுநர் ஒரு தடையைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்க 120 மீட்டர் தேவை என்று, சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பின் வடிவமைப்பு அளவு சொல்கிறது. வேகம் 100 ஆனால் 180 மீட்டர். அப்படியிருக்க, பதினைந்து மீட்டரில் வைக்கும் தடுப்பு, குனிந்து காயம்பட்டவரைத் தூக்கிக்கொண்டிருக்கும் காவலரையே காப்பாற்றாது. இருநூறு முந்நூறு மீட்டருக்கு முன்பே கூம்புகளைச் சாய்வாக அடுக்கி, ஒளிரும் சட்டை அணிந்த ஒருவர் சிவப்பு விளக்கோடு நின்றால்தான் உள்ளே வேலை செய்பவர்கள் பயமில்லாமல் வேலை செய்ய முடியும். வேலை முடிந்து திரும்பும்போது அந்தக் கற்களையும் கிளையையும் அகற்றிவிட்டுப் போக வேண்டும் என்பதையும் யாராவது பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும். இருட்டில் அந்தக் கல்லே அடுத்த இருசக்கர வாகனத்தைக் கவிழ்த்துவிடும்.

இனி, காத்திருப்பவர்களைப் பற்றி. அன்று இரவு பேருந்தில் இருந்தவர்களைக் கோபப்படுத்தியது காத்திருப்பைவிட, யாரும் ஒரு வார்த்தை சொல்லாததுதான். நாங்கள் கட்டணம் செலுத்திய சுங்கச்சாவடியில், "முன்னால் விபத்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்" என்று ஒரு பலகை வைத்திருந்தால், பாதி கார்கள் அங்கேயே ஒதுங்கி நின்றிருக்கும். ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு, குடியாத்தம் வழியாகப் பள்ளிகொண்டாவுக்கு வந்து சேரலாம் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். வெளிமாநில வண்டிக்காரருக்குத் தெரியாது. கன்டெய்னர் லாரிகளை அந்த வழியில் அனுப்பினால் குடியாத்தம் கடைத்தெரு நின்றுபோகும், ஆகவே கார்களுக்கு மட்டும் வழி சொல்லி, கனரக வாகனங்களை அகலமான இடத்தில் நிறுத்திவைக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து வாலாஜாப்பேட்டை வரை ஆறு வழிச்சாலை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு உள்ள மூன்று வரிசையில் ஒன்றையாவது அரை மணி நேரத்தில் ஊர்ந்து போகும் அளவுக்குத் திறக்க முடியும். எதுவுமே முடியாதபோதும், வேலூர் மருத்துவமனைகளுக்குப் போகும் ஆம்புலன்ஸ் நுழைய ஓர் ஓரத்தைக் காலியாக வைப்பதையாவது முதல் வேலையாகச் செய்ய வேண்டும். அன்று எங்கள் பின்னால் ஓர் ஆம்புலன்ஸின் சைரன் நெடுநேரம் ஒரே இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

இறந்தவரின் உறவினர்கள் சாலை மறியல் செய்வதும் இதனோடு சேர்ந்ததுதான். அதனால் சாலை இரண்டாம் முறை மூடப்படுகிறது. என் சித்தப்பாவின் ஊரிலும் அன்று மதியம் மறியல் நடந்தது. விசாரணை ஒழுங்காக நடக்கிறது என்று ஓர் அதிகாரி வந்து சித்தியிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அது நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

காவலர்களைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. நள்ளிரவில் இரண்டே பேர் காயம்பட்டவரையும் தூக்கி, போக்குவரத்தையும் திருப்பி, இடத்தையும் அளக்க முடியாது. அன்று மண் கொட்டிய காவலரின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு என் தம்பி வயதுகூட இருக்காது.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கப்போகிறேன். நெடுஞ்சாலை ரோந்து வாகனம் ஒவ்வொன்றிலும் ஐம்பது மீட்டர் நாடாவும், சுண்ணாம்புப் பொடியும், இருபது கூம்புகளும், ஒளிரும் சட்டைகளும் இருக்க வேண்டும். உயிரிழப்பு நடந்த இடத்தில் படமெடுத்துக் குறிக்காமல் வாகனங்களை நகர்த்தக் கூடாது. சாலை அடைபட்டால் கால் மணி நேரத்துக்குள் முந்தைய சுங்கச்சாவடிக்குத் தகவல் போக வேண்டும் என்று மூன்று கோரிக்கைகளை அதில் எழுதியிருக்கிறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் உங்கள் வீட்டு வழக்கிலும் தடம் அழிந்துபோயிருந்தால், தேதியையும் இடத்தையும் மட்டும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மனுவோடு இணைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் கிடைத்தால் போதும்.